பஸ் யாருக்கு எட்டுது? போக்குவரத்துல நியாயத்தை அளக்கறது பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

எல்லாரும் ஒரே ரோட்டுல, ஒரே பஸ்ல தானே போறோம், இதுல நியாயம் அநியாயம்னு எங்கேர்ந்து வருது?

1955 டிசம்பர் 1 அன்னைக்கு அமெரிக்காவுல மான்ட்கோமரி நகரத்துல ரோசா பார்க்ஸ் பஸ் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னுட்டாங்க. அதுக்கப்புறம் 381 நாள் கறுப்பின மக்கள் அந்த ஊர் பஸ்ஸையே புறக்கணிச்சாங்க. அப்ப அநியாயம் கண்ணுக்கு நேரா தெரிஞ்சுது, யார் எந்த வரிசையில உக்காரணும்னு சட்டமே சொல்லுச்சு. இன்னைக்கு எந்த சீட்ல வேணா உக்காரலாம், ஆனா பஸ் நம்ம பக்கம் வரணுமே. ஒரு ஏரியாவுக்கு ஆறு நிமிஷத்துக்கு ஒரு வண்டி, இன்னொரு ஏரியாவுக்கு முக்கால் மணிக்கு ஒண்ணு, இதை யாரும் போர்டுல எழுதி மாட்டறதில்ல, டைம்டேபிளுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கு. ஒளிஞ்சு கிடக்கறதாலதான் கணக்கு போட்டு வெளிய எடுக்க வேண்டியிருக்கு.

சமமா கொடுத்தா நியாயம் ஆயிடாதா?

இங்கதான் பாதி சண்டை. ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை பஸ், தலைக்கு இத்தனை செலவுன்னு எல்லா வார்டுக்கும் ஒரே அளவுல பிரிச்சு கொடுக்கறது ஒரு வகை. இதை கிடைமட்ட நியாயம்னு சொல்றாங்க. யாருக்கு தேவை அதிகமோ, யார்கிட்ட வேற வழி இல்லையோ, அவங்களுக்கு கூடுதலா கொடுக்கறது இன்னொரு வகை, அது செங்குத்து நியாயம். வீட்டுல ரெண்டு கார் இருக்கறவருக்கும், கார் இல்லாம முட்டி வலியோட இருக்கற பெரியவருக்கும் ஒரே எண்ணிக்கையில பஸ் விட்டா பேப்பர்ல சமம்தான்.

மூணாவதா ஒரு பார்வை இருக்கு, எனக்கு அதுதான் பிடிக்கும். மேல இருக்கறவங்களுக்கும் கீழ இருக்கறவங்களுக்கும் எவ்ளோ இடைவெளின்னு மட்டும் பாக்காம, ஒரு குறைஞ்சபட்ச கோடு போட்டு அதுக்கு கீழ எத்தனை பேர், எவ்ளோ ஆழத்துல இருக்காங்கன்னு பாக்கறது. கரேல் மார்ட்டன்ஸ்னு ஒரு ஆய்வாளர் போக்குவரத்துக்கு இதைத்தான் வலியுறுத்தறார். ஜான் ரால்ஸ்னு ஒரு அமெரிக்க தத்துவ அறிஞர் 1971ல சொன்ன வாதமும் பக்கத்து வீடு மாதிரி, ஏற்றத்தாழ்வு இருந்தா அது ரொம்ப கீழ இருக்கறவங்களுக்கு நன்மையா முடியணும்னு.

இந்த மூணுல எதை எடுத்துக்கறீங்கன்னு முதல்லயே சொல்லிடணும். ரிப்போர்ட் முழுக்க 'சமூக நியாயம்'னு இருக்கும், எந்த நியாயம்னு ஒரு வரி கூட இருக்காது, அப்படி ரிப்போர்ட் எல்லாம் நான் நிறைய படிச்சிருக்கேன்.

சரி, எதை எண்ணணும்? பஸ் எண்ணிக்கையா, ஸ்டாப்பா, பயண நேரமா?

பஸ், ஸ்டாப், தண்டவாள நீளம் இதெல்லாம் நாம போட்டது. அதால ஒரு ஆளுக்கு என்ன கிடைச்சுதுங்கறது வேற கணக்கு. யாரும் பஸ்ல ஏறணும்னு ஆசைப்பட்டு வீட்டை விட்டு கிளம்பறதில்ல, வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சொந்தக்காரங்களை பாக்க கிளம்பறாங்க. அதனால எண்ண வேண்டியது, இந்த வீட்டு வாசல்லேர்ந்து நியாயமான நேரத்துல, நியாயமான காசுல எத்தனை இடம் எட்டும்னு. துறையில இதுக்கு அக்சஸிபிலிட்டின்னு பேரு, நான் இங்க 'எட்டறது'ன்னே எழுதறேன். இது ஒண்ணும் புது ஐடியா இல்ல, 1959லயே வால்டர் ஹேன்சன் இதுக்கு ஃபார்முலா எழுதிட்டார்.

வண்டி வேகத்தை அளக்கறதுல ஒரு சிக்கல் சொல்றேன். நகரத்து வெளிய பெரிய ரோடு போட்டா சராசரி வேகம் கூடும், உடனே வெற்றின்னு கை தட்டிடுவோம், ஆனா அந்த ரோட்டை நம்பி ஆஸ்பத்திரியும் ஆபீசும் இன்னும் தூரமா போயிட்டா கார் இல்லாதவருக்கு உலகம் சின்னதாதான் ஆகும். வேகம் கூடுச்சு, எட்டறது குறைஞ்சுது.

எட்டறதை எப்படித்தான் கணக்கு போடறது? ஒரு உதாரணம் கொடுங்களேன்.

எளிமையான முறை, ஒரு நேர வரம்பு வெச்சுக்கங்க, 45 நிமிஷம்னு வையுங்க. ஒரு வீட்டுலேர்ந்து கிளம்பி, ஸ்டாப்புக்கு நடந்து, வண்டிக்கு காத்து, மாறி, இறங்கி நடந்து, அந்த 45 நிமிஷத்துக்குள்ள எத்தனை வேலையிடம் வருதுன்னு எண்ணறது. அடுத்த கட்டம், கிட்ட இருக்கற வேலைக்கு முழு மார்க், தூரமாக ஆக மார்க்கை குறைச்சுக்கிட்டே வர்றது. இது நிஜத்துக்கு கொஞ்சம் கிட்ட வரும், ஆனா ஒரு கவுன்சிலர்கிட்டயோ பத்திரிகைக்காரர்கிட்டயோ விளக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். நான் பெரும்பாலும் முதல் முறையவே காட்டுவேன், அதையே 30, 45, 60னு மூணு வரம்புல போட்டு காட்டுவேன், ஏன்னா ஒரே வரம்பு வெச்சா 46வது நிமிஷத்துல இருக்கற ஆஸ்பத்திரி இல்லவே இல்லைன்னு ஆயிடும்.

இப்ப கணக்குக்காக ஒரு கற்பனை ஊர். மூணு பகுதி, மூணுலயும் ஒரே ஜனத்தொகை. ஓரப்பகுதிக்கு 10,000 வேலை எட்டுது, நடுப்பகுதிக்கு 50,000, மையத்துக்கு 1,20,000. சராசரி 60,000. கையில ரெண்டு திட்டம். முதல் திட்டம் மையத்துல மெட்ரோவை நீட்டறது, மையம் 1,60,000 ஆகுது, மத்த ரெண்டும் அப்படியே. ரெண்டாவது திட்டம் ஓரத்துக்கு நல்ல பஸ், ஓரம் 25,000 ஆகுது, மத்தது அப்படியே. சராசரி பாத்தா முதல் திட்டம் 73,000க்கு மேல போகுது, ரெண்டாவது 65,000ல நிக்குது. சராசரியை மட்டும் கேட்டா மெட்ரோ ஜெயிக்கும். ஓரத்துல இருக்கறவரோட உலகம் ரெண்டரை மடங்கு பெருசானது அந்த நம்பர்ல தெரியவே தெரியாது.

இதுக்கெல்லாம் டேட்டா எங்கன்னு கேப்பீங்க. 2005ல அமெரிக்காவோட போர்ட்லாந்து பஸ் நிர்வாகமும் கூகுளும் சேர்ந்து டைம்டேபிளுக்கு ஒரு பொது ஃபைல் வடிவம் கொண்டு வந்தாங்க, ஜிடிஎஃப்எஸ்னு சொல்வாங்க, இப்ப உலகம் முழுக்க பல நகரங்கள் இதுலதான் ஷெட்யூலை வெளியிடறாங்க. அதோட ஓபன் ஸ்ட்ரீட் மேப்ங்கற இலவச மேப்பை சேர்த்தா ஒரு சாதாரண லேப்டாப்லயே கணக்கு ஓடும். ஒண்ணு மட்டும் கவனம், காலைல 8 மணிக்கு ஒரே ஒரு தடவை கணக்கு போடாதீங்க, 8:00க்கு கிளம்பினா வண்டி கிடைக்கும், 8:03க்கு கிளம்பினா அரை மணி நிக்கணும், அதனால நிமிஷத்துக்கு நிமிஷம் போட்டு நடு மதிப்பை எடுங்க. இன்னொண்ணு, அந்த ஃபைல்ல இருக்கறது வர்றேன்னு சொன்ன நேரம், வந்த நேரம் இல்ல. லேட்டாகிற வண்டியும், நிரம்பி வழிஞ்சு நிக்காம போற வண்டியும் எந்த ரூட்டுல ஓடுதுன்னு தனியா பாக்கணும்.

'மக்கள்தொகையில 90 சதவீதம் பேருக்கு 500 மீட்டருக்குள்ள ஸ்டாப் இருக்கு'ன்னு ஒரு ரிப்போர்ட்ல பாத்தேன். அப்ப நல்லாத்தானே இருக்கு?

இந்த 500 மீட்டர் சும்மா வந்தது இல்ல. ஐ.நா.வோட நீடித்த வளர்ச்சி இலக்கு 11.2, 2030க்குள்ள எல்லாருக்கும் பாதுகாப்பான, கட்டுப்படியாகிற போக்குவரத்துன்னு சொல்லுது, அதை அளக்க பஸ் மாதிரி சின்ன வண்டிக்கு 500 மீட்டர், ரயில் மாதிரி பெருசுக்கு 1 கிலோமீட்டர்னு வெச்சிருக்காங்க, ஆண் பெண், வயசு, மாற்றுத்திறன்னு பிரிச்சு காட்டவும் சொல்லியிருக்காங்க. நாடு நாடா ஒப்பிட ஒரு தொடக்கமா இது ஓகே.

ஆனா தரையில இறங்கி பாருங்க. மேப்ல ஸ்டாப்பை சுத்தி காம்பஸ் வெச்சு வட்டம் போடறாங்க, ஒரு வீடு வட்டத்துக்குள்ள 300 மீட்டர்ல விழுது, டிக். வீட்டுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவுல ரயில் தண்டவாளம் போகுது, தாண்டறதுக்கு நடைமேம்பாலம் அந்தப் பக்கம் 600 மீட்டர் தள்ளி, ஏறி இறங்கி திரும்ப நடந்து வந்தா ஒண்ணரை கிலோமீட்டர், அதுவும் படிக்கட்டு மட்டும், லிஃப்ட் இல்ல. கைல குழந்தை இருக்கறவங்களுக்கு அது இருபத்தஞ்சு நிமிஷம், சக்கர நாற்காலில இருக்கறவருக்கு அந்த ஸ்டாப்பே இல்ல. அப்புறம் அந்த ஸ்டாப்புல ஒரு நாளைக்கு நாலு வண்டி நின்னாலும் டிக், நானூறு நின்னாலும் டிக். அதனால வட்டத்துக்கு பதிலா நடக்கற பாதையில தூரம் எடுங்க, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டின்னு சேருங்க, ராத்திரி 10 மணிக்கும் ஞாயித்துக்கிழமைக்கும் தனியா ஒரு மேப் போடுங்க. பகல் மேப்பையும் ராத்திரி மேப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா பல ஊர்ல பாதி கலர் காணாம போயிடும். ஆபீஸ் கட்டடங்களை துடைக்கறவங்க, ஆஸ்பத்திரி நைட் ஷிஃப்ட் ஆளுங்க, சரக்கு கோடவுன்ல நிக்கறவங்க எல்லாரும் அந்த காணாம போன கலர்லதான் வீட்டுக்கு போகணும்.

கினி கோஎஃபிஷியன்ட் வருமானத்துக்கு தானே? பஸ்ஸுக்கு எதுக்கு?

மேக்ஸ் லாரன்ஸ் 1905ல சொத்து எப்படி பங்காயிருக்குன்னு காட்ட ஒரு வளைகோடு வரைஞ்சார், கொராடோ கினி 1912ல அதை ஒரே நம்பரா சுருக்கினார். 0ன்னா எல்லாருக்கும் ஒரே அளவு, 1ன்னா எல்லாம் ஒருத்தர்கிட்ட. காசுக்கு பதிலா பஸ் சேவையை வெச்சும் இதே கோட்டை வரையலாம், ஆஸ்திரேலியாவுல அலெக்சா டெல்போஸ்க்கும் கிரஹாம் கரியும் மெல்போர்னுக்கு வரைஞ்சு 2011ல வெளியிட்டாங்க, அதுக்கப்புறம் இது ஒரு ஃபேஷனாவே ஆயிடுச்சு.

எனக்கு இதுல ஒரு புகார் உண்டு. மேல சொன்ன கற்பனை ஊரையே எடுங்க, 10,000, 50,000, 1,20,000. கினி 0.41 வரும். மெட்ரோ நீட்டினா 0.45, ஓரத்துக்கு பஸ் விட்டா 0.32. இதுவரைக்கும் சூப்பர், கினி சரியான திட்டத்தைத்தான் கை காட்டுது. இப்ப நிர்வாகம் பணமில்லைன்னு மையத்துலயும் நடுவுலயும் சேவையை வெட்டுது, 10,000, 25,000, 40,000ன்னு ஆகுதுன்னு வைங்க. கினி 0.27! நாலு நிலைமையிலயும் இதுதான் 'ரொம்ப நியாயமானது'. ஒருத்தருக்கும் ஒரு வேலை கூட புதுசா எட்டல, ஓரத்துல இருக்கறவர் இருந்த இடத்துலயே இருக்கார், ரெண்டு பகுதி நாசமாச்சு, ஆனா நம்பர் பளபளன்னு இருக்கு. அதனால கினியை தனியா தூக்கிட்டு வந்தா நம்பாதீங்க, கூடவே கீழ்மட்டத்தோட நிஜ அளவையும் கேளுங்க. மேல் 10 சதவீதத்துக்கு எட்டறதையும் கீழ் 40 சதவீதத்துக்கு எட்டறதையும் வகுத்து பாக்கற பால்மா விகிதம்னு ஒண்ணு இருக்கு, சாதாரண ஆளுக்கு அது சட்டுனு புரியும், வருமான வரிசையில ஆளுங்களை அடுக்கிட்டு போட்டா இன்னும் நல்லது, ஏன்னா வெறும் கினிக்கு ஏழை யாரு பணக்காரர் யாருன்னே தெரியாது, யாருக்கோ கம்மி யாருக்கோ ஜாஸ்தின்னு மட்டும்தான் தெரியும்.

ஒரே டேட்டாவை வெச்சு ரெண்டு பேர் வேற வேற ரிசல்ட் காட்டறாங்களே, அது எப்படி?

எல்லைக்கோடு. வார்டு வார்டா போட்டா ஒரு படம், அதையே சின்ன சின்ன கட்டமா வெட்டி போட்டா இன்னொரு படம். ஒரு பெரிய வார்டுக்குள்ள ஒரு பக்கம் அடுக்குமாடி, இன்னொரு பக்கம் குடிசை, சராசரி எடுத்தா நடுத்தர வர்க்க வார்டுன்னு வரும், அங்க அப்படி ஒருத்தருமே இல்லாம. கிடைக்கற சின்ன யூனிட்ல போடுங்க, முடிஞ்சா ரெண்டு விதமா வெட்டி பாருங்க, ரிசல்ட் தலைகீழா மாறுச்சுன்னா அதையும் எழுதிடுங்க.

செலவு நன்மை கணக்குன்னு ஒண்ணு ஏற்கனவே போடறாங்களே, அதுல நியாயம் வராதா?

அதோட உள்ள போய் பாத்தா கொஞ்சம் அதிர்ச்சியாவே இருக்கும். ஒரு புது ரோட்டோட நன்மையில பெரும்பகுதி 'மிச்சமான நேரம்'. நேரத்துக்கு விலை போடணும், எப்படி போடறது? சம்பளத்தை வெச்சு போட்டா, அஞ்சு மடங்கு சம்பாதிக்கறவரோட பத்து நிமிஷத்துக்கு அஞ்சு மடங்கு விலை. அதாவது ஆயிரம் பணக்காரங்களுக்கு பத்து நிமிஷம் மிச்சம் பண்றதும், ஐயாயிரம் ஏழைகளுக்கு பத்து நிமிஷம் மிச்சம் பண்றதும் தராசுல ஒரே எடை. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல, ஃபார்முலா தானா பண்ணுது. இதை தெரிஞ்சுகிட்டு எல்லாருக்கும் ஒரே சராசரி விலை போடற நாடுகளும் உண்டு, இல்லேன்னா கீழ்த்தட்டு மக்களோட நன்மைக்கு கூடுதல் எடை போடலாம். அது கூட வேணாம், மொத்த நன்மைன்னு ஒரு நம்பர் சொல்ற இடத்துல, அது எந்த வருமானக்காரங்களுக்கு எவ்ளோ போகுதுன்னு ஒரு டேபிள் வெச்சாலே பாதி விஷயம் வெளிய வந்துடும்.

அந்த ரூட்டுல ஆளே ஏறல, அப்புறம் எதுக்கு பஸ்?

இந்த கேள்வியை எத்தனை மீட்டிங்ல கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. வாசல் கதவை பூட்டி வெச்சுட்டு விருந்தாளியே வரலைன்னு சொல்றதுதான் இது. மணிக்கு ஒரு வண்டி, அதுவும் எப்ப வரும்னு தெரியாது, யாரு நம்பி ஏறுவா? ஏறாததால டிமாண்ட் இல்லைன்னு இன்னொரு ட்ரிப்பை வெட்டறாங்க, அடுத்த வருஷம் இன்னும் கம்மி ஆள், இன்னும் ஒரு வெட்டு. டிராஃபிக் மாடல் எல்லாம் இப்ப நடக்கற பயணத்தை வெச்சு நாளைக்கு எத்தனைன்னு கணிக்குது, போக முடியாம வீட்டுலயே இருந்தவங்க அந்த மாடல்ல சைபர்.

2003ல பிரிட்டன் அரசாங்கத்தோட சமூக ஒதுக்கல் பிரிவு ஒரு அறிக்கை போட்டுச்சு, வேலை தேடறவங்கள்ல அஞ்சுல ரெண்டு பேர் போக்குவரத்து இல்லாததே தடைன்னு சொன்னாங்க. இதை எந்த டிக்கெட் மெஷினும் எண்ணியிருக்காது. சர்வேல 'நேத்து எங்க போனீங்க'ன்னு கேக்கறதோட 'எங்க போகணும்னு நெனைச்சு போகாம விட்டீங்க'ன்னும் ஒரு கேள்வி சேருங்க. ஒரே ஒரு கேள்விதான்.

டிக்கெட் கட்டுப்படியாகுதான்னு எப்படி பாக்கறது?

வருமானத்துல எத்தனை சதவீதம் பயணத்துக்கு போகுதுன்னு பாக்கறதுதான் வழக்கம். அமெரிக்காவுல ஒரு அமைப்பு வீட்டுச் செலவையும் போக்குவரத்தையும் சேர்த்து 45 சதவீதம், அதுல போக்குவரத்து 15ன்னு ஒரு வரம்பு சொல்லுது. வீட்டையும் சேர்க்கறது புத்திசாலித்தனம், வாடகை கம்மின்னு ஊருக்கு வெளிய போனவங்க மிச்சத்தை எல்லாம் பயணத்துக்கே கொட்டிட்டு இருப்பாங்க.

ஆனா இந்த சதவீதத்துக்கு ஒரு கண்ணு தெரியாது. காசில்லாம தினம் ரெண்டு மணி நேரம் நடக்கறவரோட செலவு பூஜ்யம், ஃபார்முலா அவரைத்தான் ரொம்ப வசதியானவர்னு சொல்லும். அதனால செலவு பண்ண காசை விட்டுட்டு, தேவையான பயணம் எல்லாத்தையும் பண்ணினா எவ்ளோ ஆகும்னு போட்டு அதை வருமானத்தோட ஒப்பிடுங்க.

மாச பாஸ் விஷயமும் உண்டு. மொத்தமா கட்டினா மலிவு, ஆனா மாச முதல் தேதி மொத்தமா கட்ட காசு யார்கிட்ட இருக்கு? இல்லாதவங்க தினம் டிக்கெட் வாங்கி கடைசில கூடுதலா கட்டறாங்க. லண்டன்ல 2005ல ஆய்ஸ்டர்ங்கற பயண கார்டுல ஒரு நாளைக்கு இவ்ளோதான், அதுக்கு மேல எத்தனை தடவை ஏறினாலும் புடிக்க மாட்டோம்னு உச்சவரம்பு வெச்சாங்க, இந்த மாதிரி ஏற்பாடு அந்த ஓட்டையை கொஞ்சம் அடைக்கும். அதே மாதிரி வண்டி மாறும்போது ரெண்டாவது டிக்கெட் வாங்கணுமான்னு பாருங்க, நேர் ரூட் இல்லாத ஏரியாக்காரங்கதான் மாறுவாங்க, தண்டமும் அவங்களுக்கேதான்.

எல்லாத்தையும் ஃப்ரீ ஆக்கிட்டா பிரச்சனை தீர்ந்துடுமே?

எஸ்தோனியாவோட தாலின் நகரம் 2013ல தன் ஊர்க்காரங்களுக்கு ஃப்ரீ ஆக்குச்சு, லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29லேர்ந்து நாடு முழுக்க, ரயில் முதல் வகுப்பு மட்டும் காசு. காசு தடையா இருந்தவங்களுக்கு நிம்மதிதான். ஆனா வராத பஸ் ஃப்ரீயா இருந்தா என்ன, காசா இருந்தா என்ன. டிக்கெட் வருமானம் போன இடத்துல வேற பணம் வரலேன்னா ட்ரிப் எண்ணிக்கைல கை வெப்பாங்க. ஃப்ரீ ஆக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எட்டறதை அளந்து பாருங்க, கூடியிருந்தா சந்தோஷம்.

ஆண் பெண் வித்தியாசம் இதுல எப்படி வருது?

வீடு, ஆபீஸ், வீடு, இந்த நேர்கோட்டை வெச்சுத்தான் பல நெட்வொர்க் போட்டிருக்கு, எல்லா லைனும் மையத்துக்கு, காலைலயும் சாயங்காலமும் நிறைய வண்டி. இப்ப ஒரு பயணத்தை பாருங்க: குழந்தையை ஸ்கூல்ல விட்டு, மாமியாருக்கு மருந்து வாங்கி, பகுதி நேர வேலைக்கு போய், திரும்பும்போது காய்கறி வாங்கிட்டு மறுபடி ஸ்கூல். நாலு சின்ன பயணம், குறுக்குல, நெரிசல் இல்லாத நேரத்துல, கை நிறைய பையோட. சர்வேல இது 'ஷாப்பிங்', 'சொந்த வேலை', 'துணைக்கு போறது'ன்னு மூணு நாலு பெட்டியில சிதறி எல்லாமே சின்ன நம்பரா தெரியும். ஸ்பெயினோட இனெஸ் சான்செஸ் தெ மதரியாகா இதையெல்லாம் ஒரே பெட்டியில போட்டு பராமரிப்புப் பயணம்னு பேர் வெச்சு எண்ணுங்கன்னு சொன்னாங்க, அப்படி எண்ணினா வேலைக்கு போற பயணத்தோட போட்டி போடற அளவுக்கு வந்து நிக்குது. பெட்டியோட பேரை மாத்தினதும் ஒரு பெரிய பயணக் கூட்டம் கண்ணுக்கு தெரிய வந்துச்சு பாருங்க.

பயமும் ஒரு தூரம்தான். விளக்கு இல்லாத ஸ்டாப் 200 மீட்டர்ல இருந்தாலும், ராத்திரி ஒரு பொண்ணு அதை விட்டுட்டு ஆட்கள் நடமாட்டம் இருக்கற 800 மீட்டர் ஸ்டாப்புக்கு போறாங்கன்னா, உங்க மேப்ல 800ன்னுதான் எழுதணும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு தனி கணக்கு வேணுமா?

வேணும், ஏன்னா அவங்களுக்கு பாதை சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் போச்சு. பஸ் தாழ்தளம், ஸ்டேஷன்ல லிஃப்ட், எல்லாம் சரி, நடைபாதை ஓரத்துல சரிவு இல்லேன்னா வீட்டை விட்டே வெளிய வர முடியாது. 1978 ஜூலைல அமெரிக்காவோட டென்வர் நகரத்துல 19 பேர் சக்கர நாற்காலியோட நடுரோட்டுல பஸ்ஸை மறிச்சு ராத்திரி முழுக்க உக்காந்தாங்க, கேட்டது பஸ்ல லிஃப்ட் வெக்கணும்னுதான். 1990ல வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் புது பஸ் எல்லாத்துலயும் அதை கட்டாயமாக்குச்சு.

அளக்கறவங்களுக்கு ஒரு எளிய டெஸ்ட், அதே ஆள், அதே ரூட், ஒரு தடவை படிக்கட்டோட கணக்கு போடுங்க, இன்னொரு தடவை படிக்கட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டு போடுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவங்க கொடுக்கற வரி. லிஃப்ட் 'இருக்கு'ன்னு எழுதாம எத்தனை நாள் ஓடுச்சுன்னு எழுதுங்க.

நன்மை மட்டும் தானா? புகை, சத்தம், இடிச்ச வீடு இதெல்லாம்?

நல்ல வேளை கேட்டீங்க, பல கணக்குல இந்த பாதி வராது. அமெரிக்காவுல செயின்ட் பால் நகரத்துல ரோண்டோன்னு ஒரு கறுப்பின மக்கள் பகுதி, ஐ-94 நெடுஞ்சாலை நடுவுலயே போய் இரண்டா பிளந்துடுச்சு. வேகமா போனவங்க வெளி ஏரியாக்காரங்க, வீடு போனது உள்ள இருந்தவங்களுக்கு. 1994ல அதிபர் கிளின்டன் போட்ட 12898ங்கற ஆணை இந்த மாதிரி சுமை சிறுபான்மையினர், ஏழைங்க மேல அளவுக்கு மீறி விழுதான்னு பாக்க சொல்லுச்சு, 2025 ஜனவரில அதை ரத்து பண்ணிட்டாங்க. ஆணை இருந்தாலும் போனாலும் அளக்கற முறை ஒண்ணுதான்: யாரோட ஜன்னலுக்கு எவ்ளோ புகை, எந்த தெருவுல எத்தனை விபத்து, அந்த வண்டில போறது யாரு, மூணையும் ஒரே மேப்ல போடுங்க.

நெரிசல் கட்டணம் ஏழைகளுக்கு எதிரானதுன்னு சொல்றாங்களே?

நெரிசலான நகர மையத்துக்குள்ள கார் வந்தா வாங்கற கட்டணம் இது. லண்டன் 2003லயும், ஸ்டாக்ஹோம் 2006ல சோதனையா நடத்தி 2007ல நிரந்தரமாவும் கொண்டு வந்தாங்க. ரெண்டு கேள்வி கேட்டா பதில் கிடைச்சுடும். நெரிசல் நேரத்துல மையத்துக்கு கார்ல வர்றது யாரு? வர்ற பணம் எங்க போகுது? கார்ல வர்றவங்க பெரும்பாலும் வசதியானவங்களா இருந்து, பணம் பஸ்ஸுக்கு போனா, ஏழைகளுக்கு லாபம்தான். பஸ்ஸே போகாத ஏரியாவுலேர்ந்து பழைய வேன்ல சாமான் ஏத்திட்டு வர்ற பிளம்பருக்கு நிஜமாவே அடி விழும், அவரை தனியா கவனிக்கணும். 'ஏழைகள்'னு பொதுவா கவலைப்படறவங்க, பல நேரம் தன் பார்க்கிங்கை பத்திதான் கவலைப்படறாங்கங்கறது என் சொந்த கருத்து.

இதெல்லாம் கோர்ட்ல நின்னிருக்கா?

நின்னிருக்கு. 1994ல லாஸ் ஏஞ்சலஸ் போக்குவரத்து நிர்வாகம் பஸ் கட்டணத்தை ஏத்தி மாச பாஸையும் எடுத்துடலாம்னு முடிவு பண்ணுச்சு, அதே நேரத்துல ரயிலுக்கு பணம் தாராளமா போயிட்டிருந்துச்சு. பஸ் பயணிகள் சங்கமும் கூட சில அமைப்புகளும் இனப் பாகுபாட்டை தடுக்கற 1964ம் வருஷ குடிமை உரிமைகள் சட்டத்தோட ஆறாவது பிரிவை காட்டி வழக்கு போட்டாங்க, பஸ்ல போறவங்க பெரும்பாலும் சிறுபான்மை இன ஏழைகள், ஒரு பயணிக்கு கொடுக்கற மானியம் ரயிலுக்கு எவ்ளோ பஸ்ஸுக்கு எவ்ளோன்னு பாருங்கன்னு. 1996ல சமரச ஆணை, பத்து வருஷத்துக்கு. எனக்கு பிடிச்சது, அதுல ஒரு அளவுகோல் வெச்சாங்க: பஸ்ல நின்னுட்டு போறவங்க சராசரி இத்தனை பேருக்கு மேல இருக்கக் கூடாது, வருஷம் போகப் போக அது குறையணும்னு. 'சேவையை மேம்படுத்துவோம்'னு எழுதியிருந்தா எவனும் பிடிச்சிருக்க முடியாது, நிக்கற தலையை எண்ணலாம்.

2001ல சாண்டோவல் வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாதிப்பு ஒரு பிரிவு மேல அதிகம் விழுதுன்னு மட்டும் காட்டி தனி ஆட்கள் இந்த சட்டத்துல வழக்கு போட முடியாது, வேணும்னே பாகுபாடு பண்ணதா நிரூபிக்கணும்னுடுச்சு. எண்ணிக்கையை வெச்சு வாதாடறவங்களுக்கு அது பெரிய அடி.

அளந்து, நல்ல திட்டமும் போட்டாச்சு. அப்புறம் என்ன தப்பாக முடியும்?

வாடகை. கொலம்பியாவோட மெடெயின் நகரத்துல 2004ல மலைச்சரிவு குடியிருப்புகளுக்கு கேபிள் கார் விட்டாங்க, மெட்ரோவோட சேர்த்து, உலகமே போய் பாத்துட்டு வந்த திட்டம். இப்படி ஒரு ஏரியாவுக்கு நல்ல வண்டி வந்தா நிலத்துக்கு மவுசு கூடும், வாடகைக்கு இருக்கறவர் கிளம்ப வேண்டி வரலாம். அஞ்சு வருஷம் கழிச்சு அளந்தா அந்த ஏரியா நம்பர் பிரமாதமா இருக்கும், ஆனா அங்க இருக்கறது வேற ஆளுங்க. அதனால இடத்தை மட்டும் தொடர்ந்து அளக்காம, முடிஞ்சா அதே குடும்பங்களை திரும்ப தேடி கேளுங்க, கஷ்டம்தான், செலவும்தான்.

நான் பெரிய நிபுணர் எல்லாம் இல்ல. எங்க ஊர் திட்டத்தை பாக்கணும்னா எங்கேர்ந்து தொடங்கறது?

திட்ட அறிக்கையில சராசரின்னு வர்ற ஒவ்வொரு இடத்துலயும் பேனாவால வட்டம் போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் 'வருமானத்துல கீழ் கால்வாசி பேருக்கு இது எவ்ளோ?'ன்னு எழுதி அனுப்புங்க. பதில் வரலாம், வராமலும் போகலாம், ஆனா கேள்வி ரெக்கார்டுல ஏறிடும். அப்புறம் மேப்ல ரொம்ப வெளுத்த கலர்ல இருக்கற ஒரு பகுதியை எடுத்து, ராத்திரி 9:40க்கு பெரிய ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து அங்க போய் பாருங்க, கைல ஒரு வாட்ச், ஒரு நோட்டு. காத்திருந்தது எத்தனை நிமிஷம், மாறினது எத்தனை தடவை, கடைசியா இருட்டுல நடந்தது எவ்ளோ தூரம்னு குறிச்சுக்கங்க. திரும்பி வர பஸ் இருக்கான்னு போறதுக்கு முன்னாடியே பாத்துட்டு போங்க, ஒரு தடவை நான் பாக்காம போயிட்டேன்.